பைய வாலே

எங்கள் வீட்டில் 'பைய' என்ற சொல் கிடையாது. உவரியில் மற்ற எல்லா வீட்டிலும் உண்டு. நான் மட்டும் 'மெதுவா' என்பேன். "ஜாய்சிக்குப் பட்டணத்துப் பவுசு" என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் சிலுவை காதில் அது விழக் கூடாது, அவ்வளவுதான்.

இவர் பட்டாளத்துக்காரர். மலைச்சண்டையில் இவர் மேலே பாறை மறைவில் இருந்தார். நண்பன் அப்பலராஜு கீழே. "பைய வாலே" என்று இவர் கத்தினார். குண்டுச் சத்தத்தில் தெலுங்குக்காரன் காதில் அது 'பைக்கி ரா' என்று விழுந்திருக்கிறது. மேலே வா என்று அர்த்தம். எழுந்தான். அதோடு சரி.

அந்தப் பட்டாளத்தின் வரலாற்றை முன்பே ஒரு கர்னல் எழுதியிருந்தார். வரைபடம், தேதி, பிடித்த மலை. அப்பலராஜுவுக்கு ஒரே வரி: 'துணிந்து முதலில் ஏறினான்.' அந்த வரியை அவன் அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கிறிஸ்துமஸ் தவறாமல் இவருக்குப் போன் பண்ணுவாள். அதற்காகவே இவர் உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இப்போது இன்னொரு புத்தகமாம். எழுதுகிறவர் பாளையங்கோட்டை மகேஸ்வரன் சார், கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். போனிலேயே சொல்லிவிட்டார். "மலையோட கதையை கர்னல் எழுதியாச்சு அண்ணாச்சி. நான் ஆளோட கதையை எழுதுதேன். அங்கன ஒவ்வொருத்தரும் என்ன பாத்திய, என்ன கேட்டியன்னு."

கேட்டது என்றதும் நான் போனைக் கையால் பொத்தினேன். வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். இவர் கேட்கவில்லை.

சார் வந்தார். செல்போனில் பதிவைத் தட்டி மேசையில் வைத்தார். இவர் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. சார் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார்.

"அவசரமே இல்ல. பைய சொல்லுங்க அண்ணாச்சி."

இவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. இத்தனை வருஷமாக நான் காத்த காவல் போயே போயிற்று. இவர் காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"சார், இத எழுதாதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அந்தம்மா போன் நின்னுச்சுன்னா இவுக பிழைக்க மாட்டாக."

சார் பதிவை நிறுத்தினார். "நான் அந்தம்மாவையும் பாத்துட்டுத்தான் வாரேன். சிலுவை மேல வான்னு கூப்பிட்டுத்தான் பிள்ளை எந்திரிச்சான்னு, கூட இருந்த ஒருத்தன் அப்பவே அவங்ககிட்ட சொல்லிட்டானாம்."

அப்பவே. அப்படியென்றால் அத்தனை கிறிஸ்துமஸும் தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் தடுக்குமுன் இவர் போனை எடுத்துவிட்டார். பட்டாளத்தில் படித்த தெலுங்கில், திக்கித் திக்கி, 'பைக்கி' இல்லையம்மா, 'பைய' என்றேன், பார்த்து மெதுவாக வா என்று அர்த்தம் என்றார். வைத்துவிட்டாளோ என்று நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

பிறகு அவள் குரல் கேட்டது. அன்றைக்கு என் பிள்ளையிடம் சொன்ன மாதிரியே ஒருதரம் சொல்லு என்றாள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரு அதிரக் கத்தினார்.

"பைய வாலே!"