வெளுத்த மஞ்சள்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்த எங்கள் துறைமுகத்தில், படகின் அடியில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டாமலிருக்க விஷம் கலந்த சாயத்தையே பூசிவந்தோம். அந்த விஷத்தால் சங்கு நத்தைகள் மலடாகி, கரைப்பாறைகள் வெறிச்சோடின. விஷமில்லாத சாயம் செய்தே தீருவேன் என்று கிளம்பியவள், ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த கிளெண்டா ஸ்விக்கர்.

வடக்குக் குடாவில் ஒருவகைக் கடற்பாசியின் மேல் மட்டும் எதுவும் ஒட்டுவதில்லை என்பதை அவள் கவனித்தாள். காரணம் அந்தப் பாசியின் இலைமேல் வாழ்ந்த பாக்டீரியா. அது சுரக்கும் மஞ்சள் பொருள் மற்ற உயிர்களை அண்டவிடாது. கிளெண்டா அந்தப் பாக்டீரியாவைச் சத்துச்சாறு ஊற்றிக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். அவள் கணவன் கோரி நண்டு பிடிப்பவன், அவளைச் சீண்டாமல் இருக்கமாட்டான்.

"கண்ணுக்கே தெரியாததுக்கு தினம் சூப்பு வெச்சு ஊத்துற. எனக்கு மட்டும் நேத்து மிச்சம்!"

"அதுங்க உன்ன மாதிரி குறை சொல்லிக்கிட்டு திங்காது."

அந்த மஞ்சள் பொருளைச் சாயத்தில் கலந்து பலகைகளில் பூசி, கடலில் தொங்கவிட்டோம். கோடை முடிந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க மஞ்சள் பூசாமல் தொங்கவிட்ட பலகைகள் முழுக்கக் கொட்டலசு. அவளுடையவை வழுவழுவென்று வந்தன. கோரி அவளைத் தூக்கிச் சுற்றினான்.

அந்த இலையுதிர் காலப் புயலில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இயங்கவில்லை. உறைபெட்டியில் சேமித்திருந்த மூல பாக்டீரியா அத்தனையும் செத்தன. தட்டுகளில் இருந்தவை உயிரோடுதான் இருந்தன; ஆனால் எதிரியே இல்லாமல் வளர்ந்து வளர்ந்து, சுரப்பதையே நிறுத்திவிட்டன. மஞ்சள் வெளுத்தது.

"இதுங்களுக்கு மறந்துபோச்சு," என்றாள் என்னிடம்.

அடுத்த கோடையில் மறுபடி சேகரிக்க, கோரியின் படகில் குடாவுக்குப் போனோம். தண்ணீர் ஒருபோதும் இல்லாத வெதுவெதுப்பு. கிளெண்டா மூழ்கி, கைநிறையப் பாசியோடு வந்தாள். இலையெங்கும் வேறு உயிர்கள் ஒட்டிப் படர்ந்த வெள்ளைப் பொருக்கு. தொட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது.

"வேற குடா பாக்கலாம்டி," என்றான் கோரி.

போனோம். அங்கும் அதேதான். நான்காவது இடத்தில் பாறை மட்டுமே இருந்தது. அவள் படகின் தரையில் ஈர உடையோடு உட்கார்ந்துவிட்டாள். கோரி தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான்.

"இன்னும் தெக்கே..." என்று தொடங்கினான்.

"தெக்கே இன்னும் சூடு, கோரி. வீட்டுக்குப் போலாம்."

நொறுங்கிய பாசியில் இருந்ததையும் விடாமல் தட்டில் வளர்த்துப் பார்த்தாள். என்னென்னவோ முளைத்தன, மஞ்சள் மட்டும் வரவில்லை. பனி விழத் தொடங்கிய வாரம் வேலையை விட்டாள். தட்டுகளைக் கொதிநீரில் போட்டு அழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அவள் பார்க்க வரவில்லை.