விரிசல் விட்ட சக்கரம்

சக்கரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருப்பதை வடிவு காலையிலேயே பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பசை வைத்து ஒட்டி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினாள். வேறு சக்கரம் வேண்டுமென்றால் மலையிறங்கி வாணியம்பாடிக்குத்தான் போக வேண்டும். போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது.

அது பந்தெறியும் ரோபோ. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் பந்தை விட்டால், அவை கவ்வி எதிரே உள்ள கூடைக்கு வீசும். பதினொன்றாம் வகுப்பு வடிவுதான் அதை வடிவமைத்தாள். பந்து போடுவது தோழி பாஞ்சாலை. அந்த மலைப்பள்ளியிலிருந்து ரோபோ போட்டிக்குப் போவது இதுதான் முதல் தடவை.

மதியம் ஆய்வகத்தில் குமரேசன் சார், "கூடை வரைக்கும் பந்து போவலியே. வேகத்தக் கூட்டும்மா" என்றார்.

வடிவு கூட்டினாள். மோட்டாரின் உறுமல் கீச்சென்று ஏறியது. அதற்குள்ளே இன்னொரு சத்தம். டக், டக், டக். அவளுக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ. இப்போது சொன்னால் போட்டியே போச்சு. சொல்லாவிட்டால்?

"பந்து சிக்கிக்கிச்சுடி, இரு" என்று பாஞ்சாலை குனிந்தாள். சக்கரத்துக்கும் அவள் முகத்துக்கும் ஒரு சாண்தான்.

வடிவு பாய்ந்துபோய்ப் பாஞ்சாலையின் தோளைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் விழவும் பட்டாசு போல ஒரு வெடிச்சத்தம். சார் ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். சக்கரத்தின் ஒரு துண்டு அலமாரிக் கதவில் குத்திட்டு நின்றது.

காலடியில் கிடந்த டேப் சுற்றிய துண்டைப் பாஞ்சாலை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது? ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் நுனிநாக்கு வரை வந்தது. "தெரியும்" என்றாள் வடிவு.

பாஞ்சாலை பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சார் அலமாரிக் கதவிலிருந்த துண்டைப் பிடுங்கி மேசையில் வைத்தார். "நாளைக்கு நானே போய்ட்டு வேற சக்கரம் வாங்கியாரேன். ஆனா கம்பிவலை மாட்டாம இத இனிமே ஓட்டக் கூடாது."

மறுநாள் புதுச் சக்கரமும் வலையும் மாட்டியபோது பாஞ்சாலை வந்தாள். "நான் கதவாண்டயே நிக்கிறேன். பந்த நீயே போடு" என்றாள்.

போட்டியில் வடிவுதான் போட்டாள். ஒவ்வொரு பந்துக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தில் ஆறு கூடையில் விழுந்தது. அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாஞ்சாலை வந்து நின்றாள். "தள்ளி ஒக்காருடி."

வடிவு நகர்ந்தாள். ஆலங்காயம் தாண்டியதும், "காலையிலேயே ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்டி" என்றாள்.