கண்ணாடியை இறக்கிவிட்டு

அந்தச் சேலை கத்திரிப்பூ நிறம் என்றுதான் எனக்கு நினைவு. பச்சை என்று அடித்துச் சொல்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். சீர்த்தட்டு வைத்த கூடத்தில் நான் எந்த மூலையில் நின்றேன் என்பதே மங்கிப்போன பிறகு, சேலையின் நிறத்துக்கு எப்படி உத்தரவாதம் தருவது. ஆனால் ஆறு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மலர்விழி தன் வீட்டு அடுப்படியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றதில் சந்தேகமில்லை. அவளே சொன்னது. அடுப்பில் பால் இருந்தது. காதுக்குள் புருஷன் இருந்தான்.

"கேக்குதா?"

"கேக்குது."

"நான் எங்க நிக்கிறேன் சொல்லு பாப்போம்."

"எனக்கு எப்டி தெரியும்?"

"ரேஷன் கடையாண்ட. அடுத்தாப்ல டேங்கு வரிக்கும் போறேன். பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது? பால் பொங்குது."

"அதையே சொல்லு."

அவள் பால் பொங்குவதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிவரை வெற்றிவேலுக்குக் கேட்டது. தொட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனதும் அறுந்தது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவன் முகத்தோடு அவன் ஓடிவந்தான். ஒரு வருடமாகக் கைப்பேசியில், ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வண்டிக்கு வண்டி பேசுகிற இந்த ப்ளூடூத் கருவியைப் பற்றிய படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவன். கள்ளக்குறிச்சி அரிசி ஆலையில் வேலை. அவன் பைக் போய்வருவது நேர் ரோடு. பேச ஆளும் இல்லை, பேச அவசியமும் இல்லை. இப்போதுதான் ஒரு காரணம் வாய்த்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அரை நாள் நின்று விசாரித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தப்போகூட இவ்வளவு கேள்வி கேட்கவில்லை என்றாள் மலர்விழி.

கடைக்காரர் பொறுமைசாலி. முழுசாக மூடின ஹெல்மெட் என்றால் தாடைக்கு உள்ளே ஒட்டுகிற பொத்தான் மைக், வாய் திறந்த ஹெல்மெட் என்றால் உதட்டோரம் நீளுகிற குச்சி மைக், மாற்றி வைத்தால் காற்றுதான் பேசும் என்றார். ஸ்பீக்கர் காதுக்கு நேராக உட்கார வேண்டும், ஒரு விரல்கடை தள்ளினாலும் பாதிப் பேச்சு காணாமல் போகும் என்றார். பெட்டிமேல் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்ததை வெற்றிவேல் காட்டினான். "அது நேர் ரோட்ல சார். மலைல ஒரு வளைவு குறுக்க வந்தா எரநூறு மீட்டர்கூட நிக்காது. ஒட்டிக்கினே போவணும்."

ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதுதான் சிக்கல்.

மலர்விழிக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு நடுநிலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்து இரண்டு வாரமாகியிருந்தது. பி.எட். முடித்துப் பதினோரு வருடம் கழித்துக் கிடைத்த வேலை. கீழேயிருந்து போகிற பஸ் பத்தேகாலுக்குத்தான் பள்ளியடியில் நிற்கும். மணி ஒன்பதேகாலுக்கே அடித்துவிடுவார்கள். தலைமையாசிரியர் கண்ணாயிரம் நல்ல மனுஷர், ஆனால் வெள்ளிக்கிழமை கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்: "திங்கக்கெழமயிலருந்து பெல்லுக்கு முன்னாடி வந்துடுங்கம்மா. இல்லன்னா பட்டியல்ல அடுத்த பேரத்தான் கூப்டணும். நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல." அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது. கோமுகி அணைவரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாள். அதற்குமேல் ஒரே ஒருமுறை ஏறிப்பார்த்து, இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் காலை ஊன்றி நின்று, வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கிவந்தாள்.

அந்த மலையில் தினமும் ஸ்கூட்டரில் ஏறி இறங்குகிற பெண் ஒருத்தி அதே ஊரில் இருந்தாள். அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வெற்றிவேலின் கூடப்பிறந்த அக்கா, ஜெயசுதா. அவளும் மலர்விழியும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

ஜெயசுதாவின் மகள் சுபஸ்ரீக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் வீட்டுச் சீர் பதினைந்து தட்டு வந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்த ஜெயசுதா ஒரு சேலையைக் கையில் எடுத்தாள், பிரித்தாள், ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். போன தீபாவளிக்கு மலர்விழிக்கு அவளே எடுத்துக்கொடுத்த சேலை. சபையில் கேட்டாள். கடையில் இதே மாதிரி ரெண்டு இருந்தது என்றாள் மலர்விழி. ஒருத்தி இல்லையென்றாள், ஒருத்தி ஆமாம் என்றாள்; பந்தியில் பாயசம் ஆறியது. மறுநாள் காலை ஜெயசுதா மாரியம்மன் கோயிலுக்குப் போய் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தாள்: இனி அவ மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த பேச மாட்டேன். சூடம் அணைத்த சத்தியத்தை மீறின ஒரு பெரியவருக்கு வாய் ஒருபக்கமாகக் கோணிப்போனதைச் சின்ன வயதில் பார்த்தவள் அவள்.

அதற்குப் பிறகு எது சொல்ல வேண்டியிருந்தாலும் சாடைதான். நல்லது கெட்டதில் ஒரே கூடத்தில் உட்கார நேர்ந்தால் தூணைப் பார்த்து, "எல மேல வெச்சத எடுக்க ஆளில்லையா தூணே" என்பாள் ஜெயசுதா. மலர்விழி எழுந்துபோய் எடுப்பாள்.

வெற்றிவேல் ஞாயிறன்றே அக்கா ஹெல்மெட்டையும் வாங்கிவந்து குச்சி மைக்கை மாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டான். "நீ எப்பவும் போறாப்ல போக்கா. அவ பின்னாடி வரட்டும். நீ எதையாச்சும் பாத்துப் பேசிக்கினே போ. அவளுக்குக் கேட்டா கேக்கட்டும்."

"எதப் பாத்துடா பேசறது? எனக்கு இன்னா பைத்தியமா?"

"புடிக்கலன்னா பாட்டு கேளு. அதுவும் வரும் இதுல."

திங்கள் காலை அணைக்கட்டு திருப்பத்தில் ஜெயசுதாவின் ஸ்கூட்டர் நின்றிருந்தது. நின்றுகொண்டிருந்தாளே தவிரத் திரும்பிப் பார்க்கவில்லை. மலர்விழி பக்கத்தில் வந்ததும் கிளம்பினாள். காதில் டிங்கென்று ஒரு மணி. பிறகு மூச்சுவிடும் சத்தம். ஒரு மனுஷியின் மூச்சை இவ்வளவு கிட்டத்தில் கேட்பது மலர்விழிக்குக் கூச்சமாக இருந்தது. வண்டிகளுக்கு நடுவே முப்பது அடி. மூச்சுக்கு நடுவே ஒன்றுமில்லை.

"ஏ அண," என்றாள் ஜெயசுதா கடைசியில், அணைக்கட்டைப் பார்த்து. "இன்னைக்குத் தண்ணி ஜாஸ்தியா இருக்குதே. அது கெடக்கட்டும். உன்னத் தாண்டினதும் ரோடு ஏறும். ஏத்தத்துல வேகத்தக் கொறச்சிட்டு அப்புறம் முறுக்கினா வண்டி மொனவும். முன்னாடியே முறுக்கிக்கணும்."

மலர்விழி முறுக்கினாள்.

"ஏ மொத வளைவே. உங்கிட்ட வர்றவளுங்க உள்பக்கம் ஒட்டிக்கினு திரும்புவாளுங்க. உள்பக்கம் செங்குத்தா இருக்குதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நல்லா வெளிய வந்து, ஆரன் அடிச்சிட்டு, அகலமாத் திரும்பணும். எங்க திரும்பணுமோ அங்க பாக்கணும். பள்ளத்தப் பாத்தா பள்ளத்துக்குத்தான் போவும்."

அவள் வெளியே வந்தாள், ஆரன் அடித்தாள், அகலமாகத் திரும்பினாள். வண்டி திரும்பியது. பள்ளம் பின்னால் போனது. இரண்டாவது வளைவு, அவள் காலை ஊன்றி நின்ற அதே வளைவு, வந்த சுவடு தெரியாமல் கடந்துபோனது. மூன்றாவது, நான்காவது. கீழே கரும்புக்காடுகள் பச்சைத் துண்டுகளாகச் சுருங்கின. ஹெல்மெட்டுக்குள் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"ஏ பாலமே, யாரோ இளிக்கிற சத்தம் கேக்குது. ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லு."

"சரிங்க அண்ணி," என்று வாய்வரை வந்ததை மலர்விழி விழுங்கிக்கொண்டாள். பாலத்துக்குச் சொன்னதற்குத் தான் எப்படிப் பதில் சொல்வது.

மைல்கல்லிடம் பேசினாள், பலாமரத்திடம் பேசினாள், ரோட்டில் படுத்திருந்த ஆட்டிடம் ஒதுங்கச் சொன்ன கையோடு, ஆட்டைப் பார்த்தால் இடப்பக்கம் போகணும், அது எப்பவும் வலப்பக்கந்தான் பாயும் என்றாள். ஆறு வருடத்தில் அவள் இவ்வளவு பேசி மலர்விழி கேட்டதில்லை. தூணுக்கும் சுவருக்கும் ஒற்றை வரி கொடுத்தவள் ஒரு மலைக்கே பேசிக்கொண்டு போனாள். மூன்று வருடமாகத் தனியாக ஏறி இறங்குகிறவள். முன்பும் இப்படித்தான் பேசிக்கொண்டு போயிருப்பாளோ, கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்ததோ என்று மலர்விழி நினைத்தாள். அந்த நினைப்பில் கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். ஜெயசுதாவின் வண்டி அடுத்த வளைவுக்குள் மறைந்தது. காதில் கரகரவென்று சத்தம். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

அந்த வளைவில் பாறை துருத்திக்கொண்டிருக்கும். மேலேயிருந்து வருவது தெரியாது. இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது அந்த மலையின் வழக்கம். ஆனால் மரவள்ளிக்கிழங்கு பாரம் ஏற்றின லாரி நினைத்த இடத்தில் நிற்காது. வளைவை மொத்தமாக எடுத்துக்கொண்டுதான் திரும்பும். மலர்விழி ஆரன் அடித்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே அகலமாக வெளியே வந்தாள்.

"ஏ கல்..." என்றது காது. பிறகு கரகரப்பு. பிறகு கல்லையும் மண்ணையும் தள்ளிவிட்டு ஒரு குரல்:

"மலரு, நில்லு. உள்ள வா. செவுத்தோரமா நில்லுடி."

அவள் உள்பக்கம் ஒடித்து, பாறையோரம் காலை ஊன்றினாள். பாறைக்கு அப்பாலிருந்து லாரியின் மூஞ்சி வந்தது, பிறகு அதன் நீளம் முழுவதும், ரோட்டின் வெளி விளிம்புவரை வழித்துக்கொண்டு. அவள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பின்சக்கரம் உருண்டது. பாரத்திலிருந்து ஒரு கிழங்கு விழுந்து, உருண்டு வந்து அவள் செருப்பில் முட்டி நின்றது.

லாரிச் சத்தம் கீழே இறங்கிப் போனது. காதில் மூச்சு மட்டும், இருவருடையதும்.

"பட்டுச்சா?"

"இல்ல அண்ணி."

"வா. மெதுவா வா. நான் நிக்கிறேன்."

ஒன்பது மணிக்கு இன்னும் சில நிமிஷம் இருக்கும்போதே அவள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினாள். கண்ணாயிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அந்தத் தலையசைப்புக்குத்தான் பதினோரு வருடம் ஆனது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் துடித்தது அவளுக்கு. திரும்பினாள். ஜெயசுதா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் வண்டிக் கண்ணாடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை இடப்பக்கம் இழுத்தாள், வலப்பக்கம் இழுத்தாள், கன்னத்தை விரலால் அழுத்தினாள். மத்தியானம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, சாப்பாட்டுத் தட்டு ஒன்றின் முதுகில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இருவரும் வண்டியை எடுத்தார்கள். ஜெயசுதா முதலில் ஹெல்மெட்டை மாட்டி, முகத்துக்குமேல் கறுப்புக் கண்ணாடியை இறக்கினாள். காதில் டிங்கென்றது.

"உன் கண்ணாடியையும் எறக்கு."

மலர்விழி இறக்கினாள்.

"நான் சூடம் அணச்சப்போ இன்னா சொன்னேன்? மூஞ்சப் பாத்துப் பேச மாட்டேன்னேன். காலைல எனக்கு முன்னாடி ரோடுதான் இருந்திச்சி. உன் மூஞ்சி எங்க இருந்திச்சி?"

"பின்னாடி இருந்திச்சி அண்ணி."

"அப்ப சத்தியம் ஒடயல. காலைலருந்து ரோசன பண்ணிப் பாத்துட்டேன். வாயும் நேராத்தான் இருக்குது. எறக்கத்துல முன் பிரேக்க தனியாப் புடிக்காத. கெளம்பு."

இறக்கம் நெடுக வெயில் சாய்ந்து கிடந்தது. நான்கு வளைவுவரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. காதுக்குள் இருக்கிற மௌனம் கூடத்து மௌனம் மாதிரி இல்லை. அதில் ஆள் இருந்தது. ஐந்தாவதில் மலர்விழி வாயைத் திறந்தாள்.

"அண்ணி. அது நீங்க எடுத்துக் குடுத்த சேலதான்."

ஒரு வளைவு போயிற்று. இன்னொன்று போயிற்று.

"தெரியும். அந்தச் சேலைக்கு ஃபால்ஸ் தச்சவளே நான்தான். நூலு தீந்துபோயி கடைசி ஒரு சாணு கறுப்பு நூல்ல தச்சேன். புரட்டிப் பாத்தேன், இருந்திச்சி." கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கே ஆமான்னிருந்தா அதோட போயிருக்கும். கடைல ரெண்டு இருந்திச்சின்னியே, அதான் என்னால தாங்க முடியல."

"சேல வாங்கியாரன்னு சொல்லிட்டுப் போனாரு உங்க தம்பி. மறந்துட்டு வெறுங்கையோட வந்தாரு. கட எல்லாம் சாத்தியாச்சி. சபையில அவர எப்டி வுட்டுக்குடுக்கறது. கட்டாத சேல அது ஒண்ணுதான் இருந்திச்சி."

"அவனா."

"அவருதான்."

முதலில் இருமல் என்றுதான் மலர்விழி நினைத்தாள். பிறகு தெரிந்தது. முன்னால் போகிற வண்டியில் ஜெயசுதாவின் தோள் குலுங்கியது. "ஆறு வருசமா ரெண்டு பக்கமும் சோறு தின்னுகினு, ஒண்ணும் தெரியாதவனாட்டம். இரு, அவன் மாட்டிக்குடுத்த மிஷின்லயே அவனுக்கு இருக்குது." அணைக்கட்டு தெரிகிறவரை இருவரும் அவனை வைதுகொண்டே இறங்கினார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மலர்விழி அதே பள்ளியில்தான் இருக்கிறாள், இன்னும் தற்காலிகம்தான். கண்ணாயிரம் ஓய்வு பெற்றுவிட்டார். வெற்றிவேல் நன்றாகத் திட்டு வாங்கினான், அக்காவுக்கு ஒரு சேலையும் எடுத்துக்கொடுத்தான். அது என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. சுபஸ்ரீ திருக்கோவிலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஜெயசுதா சத்தியத்தை மீறவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்தன்று, வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்: அடுப்படியில் பட்டுச்சேலையும் ஹெல்மெட்டுமாக இரண்டு பெண்கள், கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு. சாம்பார் ஆவியில் கண்ணாடி மங்கும்போதெல்லாம் ஒருத்தி முந்தானையால் மற்றவளுடையதைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேர் காதோரமும் சின்ன நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.