மகாராணிக்குத் தள்ளாட்டம்

அன்று காலையிலிருந்து பம்பரத்துக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கரடிக் கூண்டைக் கழுவினான். கழுவிய தரையையே மறுபடி கழுவினான். குழாயை மூடிவிட்டு வந்தவன், மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தான். மதியம் மூன்று மணிக்குக் கரடிக்கு மயக்க ஊசி போடப் போகிறார்கள். அது மறுபடி கண் திறக்குமா என்பது டாக்டரம்மாவுக்கே நிச்சயமில்லை.

பம்பரம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் தெருவில் சுற்றிச் சுற்றி விழுவான் என்று ஊரார் வைத்தது. குடியை விட்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. இப்போது ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டேன் என்கிறான் என்று அதே பேரை நீட்டித்துவிட்டார்கள். ஆள் திருந்தினாலும் பட்டப்பேர் திருந்துவதில்லை.

சர்க்கஸிலிருந்தும் தெருவித்தைக்காரர்களிடமிருந்தும் மீட்ட மிருகங்களை வைத்துப் பார்க்கும் காப்பகம் அது. பம்பரம் கரடியைப் பார்த்துக்கொண்டான். அவன் மனைவி தீனிக்கூடத்தில் மிருகங்களுக்குப் பழமும் காயும் நறுக்கினாள். அவளுடைய தம்பி, அதாவது பம்பரத்தின் மச்சினன், ஆஸ்பத்திரி அறையில் கம்பவுண்டர். மிருகங்கள் தயவில் மூன்று பேருக்கும் சாப்பாடு. கரடியின் பேர் மகாராணி. பல்லெல்லாம் தேய்ந்த கிழம். இரண்டு வருடத்துக்கு முன் சொத்தைப் பல்லைப் பிடுங்க மயக்க ஊசி போட்டபோது அதன் இதயம் நின்றுவிட்டது. டாக்டரம்மா மேலே ஏறி உட்கார்ந்து நெஞ்சை அமுக்கி அமுக்கித்தான் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார். இனி ஊசி என்ற பேச்சே இல்லை என்று அன்றைக்குச் சத்தியம் செய்தவர், இன்று தானே ஊசி போட நாள் குறித்திருக்கிறார்.

காரணம், மகாராணி தள்ளாடியதுதான். பத்து நாளில் மூன்று தடவை. நேற்று எல்லோரும் பார்க்க, நாலு காலும் நாலு பக்கம் போய், மண்ணில் குப்புற விழுந்தது. மூளையில் கட்டியோ, நரம்புக் கோளாறோ, மயக்கிப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

கட்டியும் இல்லை, கோளாறும் இல்லை. அது பம்பரத்துக்கு மட்டும் தெரியும்.

தீனியைத் தட்டில் வைத்து நீட்டாதீர்கள், தேடித் தின்ன விடுங்கள் என்று டாக்டரம்மாதான் சொல்லியிருந்தார். தேடுகிற வேலை இருந்தால் கரடிக்குப் பைத்தியம் பிடிக்காதாம். அதனால் திறந்தவெளியில் கிடந்த பட்ட அடிமரத்தின் பொந்தில் பழங்களைப் போட்டு, மேலே ஒரு பலகைக்கல்லை மூடி வைப்பான். கரடி கல்லைப் புரட்டி எடுத்துத் தின்னும். ஒரு வாரம் மழையில் கரடியைக் கூண்டைவிட்டு வெளியே விடவில்லை. பொந்தில் போட்டிருந்த திராட்சையையும் வாழைப்பழத்தையும் அவன் மறந்தே போனான். மழை விட்டதும் மகாராணி போய்க் கல்லைப் புரட்டியது. உள்ளே நுரை கட்டியிருந்தது. முகத்தைப் புதைத்து உறிஞ்சிய சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. பிறகு மல்லாந்து படுத்து, தன் பாதத்தைத் தானே பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தது. பத்து வருடம் சாட்டைக்கு ஆடிய மிருகம். அது அப்படிக் கிடந்து அவன் பார்த்ததே இல்லை.

அது வரைக்கும் தவறுதான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் கரடி உள்ளே இருக்கும்போது பொந்தைக் கழுவப் போனான். கல்லைத் தூக்கியதும் அந்த வாசனை முகத்தில் அறைந்தது. ஏழு மாதமாக அவன் மூக்குக்குப் பட்டினி. வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். கழுவவில்லை. இன்னும் நாலு பழத்தைப் பிசைந்து போட்டான். கரடிக்கென்று இருந்த தேனில் ஒரு கரண்டி ஊற்றினான். எத்தனை நாள் மூடி வைக்க வேண்டும், எப்போது கிளறிவிட வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைக்கவில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். தினமும் குந்தி உட்கார்ந்து முகர்வான். ஊறியதும் கரடி குடிக்கும். இவன் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். தொண்டை ஏறி இறங்கும்.

இப்போது திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வாயைத் திறந்தால் வேலை போகும். வேலை போனால்கூடப் போகட்டும், மனைவி போய்விடுவாள். அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள் திரும்பி வந்த அன்றே வாசலில் நின்று சொன்னாள்: "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. இனிமே உங்க பேச்ச நான் கேக்கப் போறதில்ல, மூச்சத்தான் கேக்கப் போறேன்." தினமும் வேலை முடிந்து வந்ததும் "ஊதுங்க" என்பாள். ஊதுவான். அப்புறம்தான் உள்ளே விடுவாள். போன ஒரு மாதமாக அவள் கேட்பதில்லை. கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறாள். அந்த ஒரு மாதம்தான் அவன் தன்னை ஒரு ஆளாக நினைத்துக்கொண்ட காலம்.

பதினொரு மணிக்குத் தீனிக்கூடத்துக்குப் போனான். அவள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது நாலாவது தடவ. என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

"மகாராணிக்கு ஒண்ணும் ஆகாது. டாக்டரம்மா இருக்காங்க இல்ல?" கத்தியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "இந்த அளவுக்கு உயிர வெச்சிருக்கீங்களே அது மேல. எனக்கே பொறாமையா இருக்கு போங்க."

அவனுக்குச் செவிட்டில் அறைந்தது போல் இருந்தது. ஒரு வாழைப்பழத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினான்.

அவனுக்கு ஒரு குறுக்குவழி தோன்றியிருந்தது. வெறும் வயிற்றில்தான் மயக்க ஊசி போடுவார்கள். ஏதாவது தின்றுவிட்டால் இன்றைக்குப் போட மாட்டார்கள். இன்று தள்ளிப்போனால் நாளைக்குக் கரடி நேராக நடக்கும், நடந்தால் ஊசியே வேண்டாம் என்று ஆகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம்.

மகாராணி கூண்டு மூலையில் தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தது. பழத்தை உரித்துக் கம்பிக்குள் நீட்டினான். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தின்னு தாயி, ஒரு வாய் தின்னு" என்று கெஞ்சினான். அது வெளிச்சம் தாங்காமல் பாதத்தால் கண்ணை மூடிக்கொண்டது. அந்தத் தலைவலி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? எத்தனை காலை அவன் அப்படிப் படுத்திருக்கிறான், மனைவி எத்தனை தடவை சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றிருக்கிறாள்! அவனுக்கு அழுகை வந்தது.

மச்சினன் இரண்டரை மணிக்கே ஊசிப் பெட்டியைத் திறந்துவிட்டான். அறை ஜன்னல் வழியாகப் பார்த்த பம்பரத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. திறந்தவெளிக்கு ஓடினான். கல்லைப் புரட்டித் தள்ளி, பொந்திலிருந்ததை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அள்ளினான். முழங்கை வரைக்கும் வழிய வழிய ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்து, வாளியை மேஜை மேல் வைத்தான்.

அறை முழுக்க வாசனை பரவியது. டாக்டரம்மாவும் மச்சினனும் வாளியைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தார்கள்.

"மாமா... குடிச்சிருக்கீங்களா?"

"நான் இல்லடா. மகாராணி."

எல்லாவற்றையும் சொன்னான். மழையை, மறந்ததை, மறக்காமல் செய்ததை, தேனை. எதையும் மிச்சம் வைக்கவில்லை. பாதியில் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மனைவிதான். ஓடி வந்தவனைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கையில் இன்னும் கத்தி இருந்தது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா நான் அதக் கொன்னிருப்பேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டரம்மா."

"யானை குடிக்குது, குரங்கு குடிக்குதுன்னு ஊரெல்லாம் கத சொல்றாங்க. கெடைக்கிற பழம் அழுகியிருந்தா அழுகினதத் தின்னும், அவ்வளவுதான். அதுவா தேடிப் போச்சா, இல்ல நீங்க வெச்சதால தின்னுச்சா? உண்மையச் சொல்லுங்க."

அவனுக்கு உண்மை தெரியவில்லை. "ரெண்டாவது தடவ கதவத் தொறந்ததும் நேரா அங்கதான் போச்சுங்க" என்றான்.

"நீங்க எங்க நின்னீங்க?"

அடிமரத்துக்கு நேரே, வேலியோரமாகத்தான் அவன் நின்றிருந்தான்.

"குரங்கு கள்ளைக் குடிச்சாலாவது ஒரு நியாயம் இருக்கு" என்று மச்சினன் பல்லைக் கடித்தான். "அக்கா, மாமாவ ஊதச் சொல்லு. இப்பவே தெரிஞ்சிடும்."

"வேணாம்" என்றாள் அவள். திரும்பித் தீனிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். வேணாம் என்றால் நம்புகிறேன் என்று அர்த்தமா, இனி ஊதி என்ன பிரயோஜனம் என்று அர்த்தமா? பம்பரம் அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

நாலரை மணிக்குக் கரடியை வெளியே விட்டார்கள். அதற்குள் பொந்தை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கல்லை மூடியிருந்தான் மச்சினன். நறுக்கிய பப்பாளியையும் வெள்ளரிக்காயையும் தூரத்தில் இரண்டு இடத்தில் ஒளித்து வைத்தார்கள். டாக்டரம்மா வேலியருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மாதத்துக்குக் கரடிப் பக்கமே வரக்கூடாது, மானுக்குத் தழை போடுங்கள் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு மட்டும் நிற்கலாம்.

மகாராணி கூண்டு வாசலில் நின்று காற்றை முகர்ந்தது. நடை நேராக இருந்தது. நேரே அடிமரத்துக்குத்தான் போனது. பம்பரம் வேலிக்கம்பியை இறுக்கிப் பிடித்தான். கல் புரண்டது. கரடி பொந்துக்குள் மூக்கை விட்டது, நகத்தால் இரண்டு தடவை பிறாண்டியது, நிமிர்ந்தது. அவ்வளவுதான். பின்புறத்தை ஆட்டிக்கொண்டு போய்ப் பப்பாளியைக் கண்டுபிடித்து, சப்புக் கொட்டித் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"பாத்தீங்களா? இருந்தா குடிக்கும். இல்லன்னா வேற வேலையப் பாக்கப் போயிடும்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். மச்சினனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பம்பரம் நின்றுகொண்டே இருந்தான். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, மனைவி பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"கரடி அந்தப் பக்கம் போயி எவ்வளவு நேரமாச்சு. நீங்க இன்னும் அந்தப் பொந்தையே பாத்துட்டு நிக்கிறீங்க."

அவனுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. உடம்பெல்லாம் குறுகிப் போனது. பொந்திலிருந்து கண்ணைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி அவள் பக்கம் திரும்பினான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினான். ஒரு தடவை ஊதினான். போதாதென்று இன்னொரு தடவை ஊதினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள்.

"நாளைக்கும் ஊதறேன்" என்றான். "நீ கேக்க வேணாம். நானே ஊதறேன்."

அவள் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதக் கழுவுங்க மொதல்ல" என்றாள். "நான் தண்ணி ஊத்தறேன்."