ஆறு வெற்றியும் மூன்று ஓட்டும்

பிஷ்ணோ தேவி உப்பைப் போட்டது கோபத்தில்தான். நிதானமாக யோசித்திருந்தால் போட்டிருக்கவே மாட்டாள்.

எங்கள் மலையில், கிரி ஆற்றுக்கு இந்தப் பக்கம், கையெழுத்தை நம்பி யாரும் காரியம் செய்வதில்லை. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, அதில் உப்பைப் போட்டு, "சொன்ன சொல் தவறினால் இந்த உப்பு மாதிரி நானும் என் குடும்பமும் கரைந்து போக" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நிலத் தகராறானாலும் சரி, தேர்தலானாலும் சரி, அதற்கு மேல் பேச்சு கிடையாது. வீட்டில் ஒருவர் போட்டால் எல்லோரும் போட்ட மாதிரிதான்.

கண்டோல் ஊரில் அவள் வீட்டுக் குழாய் இரண்டு கோடையாகக் காற்றைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. எம்.எல்.ஏ. சத்தர் சிங்குக்கு மூன்று மனு எழுதினாள். ஒரு வரி பதில் இல்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள், ஊற்றிலிருந்து மூன்றாவது நடை குடம் சுமந்து அவள் திரும்பி வந்த நேரம் பார்த்து, எதிர்க்கட்சி வேட்பாளன் குல்தீப் ஆட்களோடு வாசலில் நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் செம்பை அவளே எடுத்து வந்தாள். நாலு ஓட்டும் உனக்குத்தான் என்று உப்பைப் போட்டாள். அவள், இரண்டு மகன்கள், மருமகள், ஆக நாலு.

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள். பிளக்காமல் என்ன செய்வாள்? பிஷ்ணோ பிறந்தது தாரோட்டியில், சத்தர் சிங்கின் ஊரில். ஊர் முறைக்கு அவர் அவளுக்கு அண்ணன்.

சத்தர் சிங்கின் தேர்தல் கணக்கை எங்கள் மலையில் மேய்ச்சல்காரன்கூட மனப்பாடமாகச் சொல்வான். முதல் தேர்தலில் சுயேச்சை. வெறும் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர்கள், பனி பெய்து எங்கள் ஆட்கள் வரமுடியவில்லை என்றார்கள். அடுத்த முறை பனியே பெய்யவில்லை. வித்தியாசம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாவதில் ஏழாயிரத்தைத் தாண்டினார். சிம்லாவில் ஆட்சி ஐந்து வருஷத்துக்கொரு தரம் தவறாமல் கவிழும். கவிழும்போது மந்திரிகளே மண்ணைக் கவ்வுவார்கள். நாலாவது தேர்தலில் அவர் கட்சி மாநிலம் முழுக்கத் துடைத்துப் போடப்பட்டது. இவர் மட்டும் ஆயிரத்து நூற்று எட்டு ஓட்டில் கம்பளிக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார். ஐந்தாவதும் அவருக்கே. ஆறாவதில் மூச்சுத் திணறி முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் ஜெயித்த மறுநாள் எந்த ஊர் அவருக்கு மிகக் குறைவாக ஓட்டுப் போட்டதோ அந்த ஊருக்குத்தான் முதலில் நடந்து போவார். நன்றி சொல்லத்தான். அதைக் கேட்டுவிட்டு வெட்கத்தில் வீட்டுக்குள் ஒளிந்தவர்கள் உண்டு.

செப்டம்பரில் கண்டோலுக்குப் புதுக் குழாய் வந்தது. பதிக்க வந்த ஆட்களிடம் யார் உத்தரவு என்று கேட்டாள் பிஷ்ணோ.

"சத்தர் சிங்தான், வேற யாரு? போன வசந்தத்துலயே கையெழுத்தாயிடுச்சு. எங்க ஆபீசுக்குப் பதினோரு தடவ வந்தாரு. கண்டோல் தண்ணி, கண்டோல் தண்ணின்னு உயிர எடுத்துட்டாரு."

"அப்போ ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே!"

"தண்ணி வந்தா அதுதான் பதில்னாரு."

பிஷ்ணோவுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. நாலே நாளில் குழாயில் தண்ணீர் கொட்டியது. இந்த முறை அவர் தேறுவது கஷ்டம் என்று ஊரெல்லாம் பேச்சு.

பிரச்சாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சத்தர் சிங் வந்தார். சாலை முடியுமிடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அறுபத்தேழு வயதில் ஏறி வந்தார். கூட அவருடைய டிரைவர் லேக்ராம் மட்டும்தான். முப்பது வருஷமாக ஜீப்பையும் அவரையும் சேர்த்து ஓட்டுகிறவன்.

"கையைக் கழுவிட்டு உக்காருங்கண்ணே. முதல்ல சாப்பாடு, அப்புறம் சண்டை" என்றாள் பிஷ்ணோ. அரிசி மாவைக் கல்லில் வார்த்துச் சுட்ட அஸ்கலியை நெய்க்கிண்ணத்தோடு வைத்தாள்.

"சண்டையா? ஓட்டுக் கேக்க வந்தவன்கிட்டயா?"

"என்னை நாலு அறை அறைங்க. நான் குல்தீப்புக்கு உப்புப் போட்டுட்டேன்."

சத்தர் சிங் அஸ்கலியை நெய்யில் தோய்த்தார். "தெரியும். தண்ணியே வரலேன்னுதானே போட்ட? அப்போ அந்தச் செம்புல ஊத்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

லேக்ராமுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"கேலி பண்ணாதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். எங்க நாலு ஓட்டும் உங்களுக்குத்தான். கரைஞ்சா கரைஞ்சுட்டுப் போறேன்."

அவர் கை பாதியில் நின்றது. கதவோரம் நின்ற மருமகளைப் பார்த்தார். அவளுக்கு ஏழாம் மாதம்.

"நான் மட்டும்னா சொன்ன? குடும்பமும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன பேச்சு? குடுத்தது குடுத்ததுதான்."

லேக்ராமுக்குப் பொறுக்கவில்லை. "சாப், போன தடவயே முந்நூத்திப் பன்னெண்டுதான். இந்தத் தடவ கழுத்துல கத்தி நிக்குது. நீங்க கேக்கல, அவங்களா தர்றாங்க. வாங்கிட்டுப் போவீங்களா..."

"நீ சும்மா இருடா. முப்பது வருஷமா எனக்கும்தான் உப்புப் போட்டிருக்காங்க. எத்தனை பேர் வந்து ஆசை காட்டினாங்க! ஒரு வீடு மாறுச்சா? அதனாலதான் நான் சிம்லாவுல போய் உக்காந்தேன். இன்னிக்கு எனக்கு அவசரம்னதும் அது வெறும் சமையல் உப்பாயிடுமா?"

"அப்போ தோத்துடுவீங்கண்ணே!" என்று கத்தினாள் பிஷ்ணோ.

"தோத்தா என்ன? வீட்டுல மாடு இருக்கு, இஞ்சி வயல் இருக்கு. என் பொண்டாட்டி முப்பது வருஷத்துத் திட்டுகள மூட்ட கட்டி வெச்சிருக்கா. அவளுக்கும் ஆள் வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"ஓட்டுப் போடற அன்னிக்கு எந்தப் பட்டனை அமுக்குவ? வாய்விட்டுச் சொல்லு."

"குல்தீப்போடத."

"நம்ம ஊர்ப் பொண்ணு! லேக்ராமுக்கு இன்னும் ரெண்டு அஸ்கலி போடு. பாவம், அவனுக்குத்தான் மனசு ஆறல."

எத்தனையோ பேர் ஓட்டுக் கேட்டு வந்து அவள் பார்த்திருக்கிறாள். காலில் விழுந்தவன் உண்டு, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவன் உண்டு. எனக்குப் போடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போன ஆளை அன்றுதான் பார்த்தாள். அவர் இறக்கத்தில் மறையும்வரை, மலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாக்குச்சாவடியில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. கண்ணை இறுக மூடினாள், தவறாக அமுக்கிவிடுவோமோ என்று பயந்து மறுபடி திறந்தாள், குல்தீப்பின் பட்டனை அமுக்கினாள். பீப் சத்தம் காதில் வெகுநேரம் கேட்டது. மகன்களும் மருமகளும் அதையே செய்தார்கள்.

எண்ணுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டிசம்பரில் பெரிய மகன் நரேஷ் சிக்னல் கிடைக்கும் கூரையில் ஏறி நின்று சுற்றுச் சுற்றாகக் கத்தினான். சத்தர் சிங் இருநூறு முன்னாடி. எண்பது பின்னாடி. முப்பத்தாறு முன்னாடி. கடைசிச் சுற்று வந்தது. பிறகு மறுபடி எண்ணுகிறார்கள் என்று செய்தி வந்தது. அதன் பிறகு நரேஷ் கூரையிலிருந்து இறங்கி வந்தான்.

"என்னடா?"

"மூணு ஓட்டும்மா. மூணே மூணு ஓட்டுல குல்தீப்."

பிஷ்ணோ அதிகம் படித்தவள் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டு நாலும் இந்தப் பக்கம் வந்திருந்தால் அவர் ஐந்து ஓட்டில் ஜெயித்திருப்பார். ஏழாவது தடவை. அந்த மலைபோன்ற மனிதனைக் கவிழ்த்தது தன் வீட்டு நாலு விரல்தான். சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி நடந்தாள். சாலையில் பஸ் பிடித்து, பொழுது சாயும் நேரத்துக்குத் தாரோட்டி போய்ச் சேர்ந்தாள்.

அவர் காலில் விழுந்து அழவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் முற்றத்துக்குள் நுழையவே இடமில்லை. இருநூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க. நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். என்னாலதான் தோத்தாரு" என்றாள்.

பக்கத்தில் இருந்த பனோக் ஊர்க்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், முறைத்தார். "உன்னாலயா? எங்க வீட்டுல ஆறு ஓட்டு. நான் குல்தீப்புக்கு உப்புப் போட்டவன். மாத்திப் போடறேன்னேன், அவர்தான் வேணாம்னுட்டாரு. என்னாலதான் தோத்தாரு."

"ஆறு என்ன ஆறு, எங்க கூட்டுக் குடும்பத்துல பதினொண்ணு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு தையற்காரன் திரும்பினான். "எங்க தோட்டத்துக்கே வந்து திட்டிட்டுப் போனாரு, சொன்ன சொல்ல மாத்தாதேன்னு."

சண்டை பிடித்துக்கொண்டது. அவரைத் தோற்கடித்தது நான்தான், எனக்கு முன்னால் வந்து உட்கார நீ யார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். லேக்ராம் தேநீர்த் தட்டோடு வந்தான். முகம் வீங்கியிருந்தது.

"ஏன் அடிச்சுக்கறீங்க? எல்லாரும்தான். அறுபத்திமூணு வீடு. அறுபத்திமூணுலயும் இதே கதைதான். நான் ஒவ்வொரு வாசல்லயும் தலையில அடிச்சுக்கிட்டேன். ஓட்டுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே அந்த மனுசனுக்குத் தெரியும், தோக்கப் போறோம்னு. ஒரு வார்த்த, 'சரி'ன்னு ஒரே வார்த்த சொல்லியிருந்தா போதும்."

தன் ஒரு வீட்டில் அவர் செய்ததையே பெரிதென்று நினைத்திருந்தாள் பிஷ்ணோ. அறுபத்துமூன்று தடவை மலையேறி, அறுபத்துமூன்று தடவை கையில் விழுந்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார். இப்படிப்பட்ட ஆள் பிறந்த ஊரில் பிறந்தோமே என்று கைகூப்பினாள்.

சத்தர் சிங் வெளியே வந்தார். "யாரு செத்துட்டாங்க இங்க? டீ ஆறுது, குடிங்க."

அப்போது கீழே சாலையில் மேளச்சத்தம் கேட்டது. ஜெயித்தவன் பெரியவர்களிடம் ஆசி வாங்கப் போவது வழக்கம். கழுத்து மறைய மாலையோடு குல்தீப் படியேறி வந்தான். தோற்ற வீட்டு முற்றம் வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்திருப்பான் போல. வாசலில் அப்படியே நின்றான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள்தான். இந்த வீடுகளில் எல்லாம் செம்புக்கு எதிரே உட்கார்ந்து எழுந்தவன் அவன்தானே. பார்வை பிஷ்ணோவிடம் வந்து நின்றது.

"அக்கா... நீங்க எனக்குத்தானே உப்புப் போட்டீங்க?"

"உனக்குத்தான் போட்டேன். ஓட்டும் உனக்குத்தான் போட்டேன்" என்றாள் பிஷ்ணோ. "போடச் சொன்னது அவரு."

குல்தீப் மேளக்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் சொல்லாமலே அவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.