மைசூர் வந்து சேர்ந்த நகம்

என் கணவர் பாலசந்திரன் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கால் கட்டைவிரல் நகத்தில் பூஞ்சை பிடித்து மஞ்சளாகிவிட்டது.

"மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க. ஆனா பழைய நகம் வெளுக்காது. அடியிலேருந்து புது நகம் வளர்ந்து அதை வெளியே தள்ளணும். ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அவருக்கு நகத்தின் அடி பெங்களூர், நுனி மைசூர், வளரும் புது நகம்தான் ரயில். காபி கொடுக்கப் போனாலும் காலை நீட்டி, "ராமநகரம் தாண்டியாச்சு, கனகா" என்பார். மத்தூர் வந்ததும் அந்த ஸ்டேஷனில் பேர்போன வடையைக் கேட்டார், சுட்டுத் தொலைத்தேன்.

ஒருவழியாகப் போன வாரம் மைசூர் வந்து சேர்ந்தது. அப்போதுதான் என் காலிலும் மஞ்சளாகியிருந்த நகத்தைக் காட்டினேன்.

"இது இன்னும் பெங்களூரை விட்டே கிளம்பலை" என்றேன்.

டாக்டருக்கு போன் செய்துவிட்டு, பழைய பச்சைக் கொடியைத் தேடியெடுத்து அசைத்தார்.