மூன்றாம் பதிப்பின் சிவப்பு

படம் அழகாகத்தான் இருந்தது. அதுதான் வினையே.

தொற்றுநோயைப் பற்றிய பேர்போன பழைய புத்தகம் அது; எழுதியவர் உயிரோடிருந்தபோதே ஐந்து பதிப்புகள் கண்டது. அந்த ஐந்தையும் ஒப்பிட்டு வரைந்த படம்: ஒவ்வொரு வரியும் திரையில் ஒரு மெல்லிய கோடு. முந்தைய பதிப்பிலிருந்து மாறாத வரி சாம்பல், மாறிய வரி சிவப்பு. படத்தை வரையும் கணினி நிரலை எழுதியவள் நான். மூன்றாம் பதிப்பில் சிவப்பு கொட்டிக் கிடந்தது.

என் அண்ணன் பேராசிரியர். படத்தைப் பார்த்ததும் குதித்தான். "புத்தகத்துக்கு வந்த எதிர்ப்புக்குப் பயந்து மனுஷன் புத்தகத்தையே மாத்தி எழுதிட்டாரு பாரு!" பத்திரிகைக்குப் பேட்டியே கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்தில் இதே படத்தை வைத்து அவன் உரை.

புதன்கிழமை ஒரு சிவப்பு வரியைச் சும்மா தொட்டு, விரிந்த வாசகத்தைப் படித்துப் பார்த்தேன். முந்தைய பதிப்பிலும் அதே வரி இருந்தது, ஓர் எழுத்துகூட மாறாமல், ஓர் அத்தியாயம் முன்னால். மனிதர் மூன்றாம் பதிப்பின் நடுவே புதிதாக ஓர் அத்தியாயத்தைச் செருகியிருக்கிறார். என் நிரலோ நாலாம் அத்தியாயத்தை நாலோடும் ஐந்தை ஐந்தோடும் ஒப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறது, அறிவுகெட்டது! செருகலுக்குப் பின்னால் வந்ததெல்லாம் அதன் கணக்கில் மாறியதாகிவிட்டது.

அண்ணன் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"விட்டுரு. யாரு தொட்டுப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே!"

"பேட்டி கொடுத்தாச்சுடி. என் மானம் போயிடும்."

"பொய்ய மாட்டி வச்சுட்டு மானத்தப் பத்திப் பேசறியா? போடா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'டா' போட்டேன். அழுகை வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். அத்தியாய எண்ணைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் அதன் ஜோடியைப் புத்தகம் முழுக்கத் தேடச் சொன்னேன். வியாழன் மாலை படம் மாறியது. ஒரே சாம்பல், நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை. அந்த அத்தியாயம் முழுக்க, எதிர்த்தவர்களுக்கு அவர் சொன்ன பதில். பழைய வரி எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளியாம்! அண்ணனுக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை அவன் மேடைக்கு வரவில்லை. "நானே பேசறேன்" என்று ஏறிவிட்டேன். புதிய படத்தையே திரையில் போட்டேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார்.

"முழுசா மாத்தி எழுதினார்னு இதுல போட்டிருக்கே. நாங்க எதை நம்பறது?"

என் நிரலில் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைசி வரிசையில் அண்ணன் எழுந்து நின்றான்.

"அதைச் சொன்னது நான். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் மறைக்கப் பார்த்தேன்," என்றான். "என் தங்கச்சி காட்டுறதை நம்புங்க."